சாவி ஊதும் ஊரில் அமில்காரே

அமில்காரே ஸானெல்லிக்குக் குரல் உடைந்தது ஒரு பனிமூட்டத்துக் காலையில். அதுவரை அவன் பேசினால் கோழிக்குஞ்சு கத்துவது போலத்தான் இருக்கும். அப்பா இத்தாலியில் ஓடும் 'போ' என்ற ஆற்றில் படகு விடுகிறவர். பனி இறங்கிவிட்டால் கரை தெரியாது. இந்தக் கரையிலிருந்து யாராவது விடாமல் கூவ வேண்டும், அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் படகு வந்து சேரும். அன்றைக்குக் கூவ வேண்டிய ஆள் காய்ச்சலில் படுத்துவிட்டான். அமில்காரே போய் நின்று வாயைத் திறந்து "ஓ... ய்!" என்றான். வந்த சத்தத்தில் அவனே அரண்டு, யாரடா அது என்று பின்னால் திரும்பிப் பார்த்தான். படகு நேராக வந்து அவன் காலடியில் முட்டியது. அப்பா இறங்கி வந்து அவன் தாடையைப் பிடித்து வாய்க்குள் எட்டிப் பார்த்தார்.

"டேய், உள்ள யாரையாவது முழுங்கிட்டியா?" என்றார்.

வேறு ஊராக இருந்தால் அந்தக் குரல் ஆற்றங்கரையிலேயே கிடந்து கூவிக்கொண்டிருந்திருக்கும். எங்கள் பொந்தெரோஸ்ஸோவில் அப்படி விடமாட்டார்கள். இங்கே குழந்தைக்குப் பல் முளைக்கும் முன்பே ஓபராவைப் பற்றி அபிப்பிராயம் முளைத்துவிடும். ரொட்டிக்காரர் மாவு பிசைந்துகொண்டே ஸோப்ரானோவை, அதாவது உச்சக்குரல் பாடகியை, திட்டுவார், சலவைக்காரிகள் தாளம் தப்பாமல் துணி துவைப்பார்கள். ஊர் பாண்டு வாத்தியார் அன்று மாலையே படகுக்காரர் வீட்டுக்கு வந்து பையனைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

முதலில் ராஜா வேஷத்துக்கும் பூசாரி வேஷத்துக்கும்தான் பழக்கினார்கள். கட்டைக்குரல் என்றால் அதுதானே கௌரவம்! ஆனால் பையன் தென்னங்குச்சி மாதிரி ஒல்லி, முழங்கால் தனியாக ஆடும், மூக்கு அவனுக்கு முன்னால் மேடைக்கு வந்துவிடும். அவன் கையைத் தூக்கிச் சாபம் கொடுத்தால் சாபம் வாங்கியவனே சிரித்தான். பாண்டு வாத்தியார் தலையில் கை வைத்துக்கொண்டு, "போதும்பா. கடவுள் உன்னைச் சிரிப்புக்குன்னே செஞ்சிருக்கார், நாம எதுக்கு அவரோட சண்டை போடணும்" என்றார். சிரிக்க வைக்கிற கட்டைக்குரல்காரனை எங்கள் பக்கம் புஃப்போ என்போம். கஞ்சக் கிழவன், ஏமாந்த வைத்தியன், வாலிபப் பெண்ணுக்கு ஆசைப்படும் தொந்திக்காரன் எல்லாம் அவன்தான். அமில்காரேவுக்குத் தொந்தி இல்லாத குறையைக் குதிரை முடி அடைத்த ஒரு தலையணை தீர்த்து வைத்தது.

அந்தத் தலையணையைத் தைத்துக் கொடுத்தவள் தெல்ஃபீனா. பூட்டுக்காரர் ஒரெஸ்தேயின் ஒரே மகள். படகில் ஆற்றைக் கடக்கும்போது அவன் மூக்கைப் பார்த்துச் சிரித்தவள், சிரிப்பை நிறுத்த முடியாமல் கடைசியில் அவனையே கட்டிக்கொண்டாள். கல்யாணம் ஆகிவிட்டதால் இனி நாமும் அவரை மரியாதையாக 'அவர்' என்றே சொல்லிவிடுவோம்.

மாமனாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஊரில் இருக்கும் கதவுகளுக்கெல்லாம் பூட்டும் சாவியும் ஒரெஸ்தே செய்தவை. அந்தக் காலத்துச் சாவிகள் கை நீளம் இருக்கும், தண்டு உள்ளே குழலாக இருக்கும். கீழுதட்டில் வைத்து ஊதினால் ரயில் கூவுவது போல ஒரு சத்தம் வரும். தியேட்டரில் பாட்டு பிடிக்கவில்லை என்றால் கேலரிக்காரர்கள் சாவியைத்தான் எடுப்பார்கள். கீழே பாக்ஸில் உட்கார்ந்திருக்கும் கனவான்கள் விசிறியை ஆட்டலாம், கொட்டாவி விடலாம், அதையெல்லாம் யார் மதித்தார்கள்? தீர்ப்பு மேலே, கேலரியில். அங்கே தலைவர் ஒரெஸ்தே. அவர் சாவி ஊதாமல் வேறு எந்தச் சாவியும் ஊதாது. கடுகடுவென்று ஒரு முகம், அதன் நடுவே வெள்ளை மீசை, பாட்டென்றால் உயிர்.

அப்படிப்பட்டவர் மருமகனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். கடைத்தெருவில் பத்துப் பேர் காதில் விழும்படி "என்ன மாப்ளே!" என்று கூப்பிடுவார். "மாப்ளே, இந்தப் பூட்டோட சத்தத்தக் கேளுங்க, என்ன சுருதி சொல்லுங்க பார்ப்போம்!" ஆண்பிள்ளை இல்லாத மனுஷர், மாப்ளே என்ற சொல்லை மிட்டாய் மாதிரி வாயில் ஒதுக்கிக்கொண்டே திரிந்தார். தகப்பனைச் சீக்கிரமே ஆற்றுக்குக் கொடுத்துவிட்ட அமில்காரேவுக்கும் அந்தச் சொல்லைக் கேட்டால் உச்சி குளிர்ந்துவிடும்.

அந்த ஆண்டுக் கார்னிவல் திருவிழாப் பருவத்தில் ஊர் தியேட்டரில் அவருக்கு முதல் பெரிய வேஷம் கிடைத்தது. 'ஏழு பூட்டு வீடு' என்ற ஓபரா, அதில் கஞ்சக் கிழவன். வளர்ப்பு மகளையும் வெண்ணெயையும் ஒரே மாதிரி பூட்டி வைக்கிற ஆசாமி. இரண்டாம் அங்கத்தில் அவன் தான் பூட்டி வைத்த சாமான்களையெல்லாம் மூச்சு விடாமல் ஒப்பிப்பான். தொடைக்கறி, பாலாடைக்கட்டி, மெழுகுவர்த்தி, மிளகு, தாத்தாவின் தொப்பி, பாட்டியின் பல் என்று மழை கொட்டுகிற மாதிரி போகும். ஊரே 'சாமான் பாட்டு' என்று அதைக் கொண்டாடும், எல்லோருக்கும் மனப்பாடம்.

இளங்கன்று பயமறியாது, வேகமாகப் பாய்ந்தார். பாதிப் பாட்டில் நாக்கு தடுக்கியது. அமில்காரே வார்த்தைகளை முணுமுணுவென்று முழுங்கிவிட்டு, அதை மறைக்கத் தலையணைத் தொந்தியைக் குலுக்கினார், கண்ணை உருட்டினார், மூக்கைக் கோணினார். பாக்ஸில் ஒரே சிரிப்பு. ஆகா, தப்பித்தோம் என்று அவர் நிமிர்ந்த நேரம், மேலே கேலரியிலிருந்து ஒரு சாவி ஊதியது. அந்தச் சத்தத்தை அவர் நன்றாக அறிவார். மாமனாரின் கடைச் சாவி! அது ஊதியதும் மற்றச் சாவிகளெல்லாம் சேர்ந்துகொள்ள, திரையை இறக்கும்படி ஆயிற்று.

வீட்டில் தெல்ஃபீனா தகப்பனைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டாள்.

"சொந்த மாப்பிள்ளைய ஊதறீங்களே, உங்களுக்கு மனசாட்சி இருக்காப்பா?"

"மாப்பிள்ளையா? நான் மேடையில மாப்பிள்ளையப் பாக்கலையே. பாதி வார்த்தைய முழுங்கிட்டு வயித்த ஆட்டினவனத்தான் பாத்தேன்" என்றார் ஒரெஸ்தே. "கறிக்கடைக்காரன் தராசுல விரல வச்சா நீ சும்மா வருவியாடி? அவன் சிரிச்ச முகமா வச்சான்னு விட்டுருவியா?"

மறுநாள் காலை காப்பிக் கடைக்காரன் ஃபாஸ்தோ அமில்காரேவுக்குப் பாதிக் கோப்பைதான் கொடுத்தான். "என்னப்பா இது?" என்று கேட்டதற்கு, "மீதிய நான் முழுங்கிட்டேங்க" என்றான் அந்தப் படுபாவி. கடை முழுக்கச் சிரித்தது. அதைக்கூட அமில்காரே தாங்கிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில்தான் அவருக்கு வலித்தது. ஒரெஸ்தே அவரைப் பார்த்து, முகத்தில் எந்தச் சலனமும் இல்லாமல், "பாடகர் அவர்களே, அந்த உப்பக் கொஞ்சம் இப்படி எடுக்கறீங்களா?" என்றார். மாப்ளே போயே போய்விட்டது.

அமில்காரே ஊர் ஊராகக் கிளம்பினார். தெல்ஃபீனாவும் கூடவே கிளம்பினாள். அங்கோனாவில் பாடினார், ட்ரியெஸ்தேயில் பாடினார், லிஸ்பனில் பாடினார், கப்பலேறி புவேனஸ் அயர்ஸ் வரைக்கும் போனார். ஒதெஸ்ஸாவில் காதல் பாட்டுக்கு நடுவே தலையணை கிழிந்து, குதிரை முடியெல்லாம் ஸோப்ரானோவின் வாய்க்குள் போய், அந்தம்மாள் தும்மிக்கொண்டே உச்ச சுருதியைப் பிடித்தாள். ஜனங்கள் அதுவும் ஓபராவில் உள்ளதுதான் என்று நினைத்து இன்னொரு தடவை தும்மச் சொல்லிக் கேட்டார்கள்! எல்லா ஊரிலும் அவருக்கு நல்ல பேர், நல்ல கைதட்டல்.

ஆனாலும் மனுஷர் சாமான் பாட்டை விடவில்லை. ரயிலில், கப்பல் தளத்தில், விடுதி அறையில் தினமும் பாடம்தான். தெல்ஃபீனா எதிரே உட்கார்ந்து காலுறை பின்னுவாள். ஒரு அசைக்கு ஒரு கண்ணி. அவர் ஒரு அசையை முழுங்கினால் அவளும் ஒரு கண்ணியை விட்டுவிடுவாள். முதல் சில வருஷம் அவர் போட்ட காலுறையெல்லாம் சல்லடை.

"குளுருதுடி" என்பார்.

"வார்த்தைய விழுங்காம பாடுங்க, குளுராது" என்பாள்.

வருஷங்கள் போகப் போக ஓட்டைகள் குறைந்தன. மூக்கைக் கோணுவதும் தொந்தியை ஆட்டுவதும் தானாக உதிர்ந்தன. முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையையும் எண்ணெய் போட்டுத் துடைத்தது போலப் பாடினார். அப்படிப் பாடினால்தான் ஜனங்கள் இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். அது ஏன் என்று அவருக்கே கடைசிவரை விளங்கவில்லை.

கோடையில் ஊருக்கு வருவார்கள். ஒரெஸ்தே அன்பாகத்தான் இருப்பார், தன் கையாலேயே லம்ப்ரூஸ்கோ ஒயின் ஊற்றிக் கொடுப்பார், ஆனால் வாயைத் திறந்தால் "பாடகர் அவர்களே"தான். அமில்காரே சொந்த ஊர் மேடையில் ஏறுவதே இல்லை. பயம். உலகத்தில் உள்ள சாவியெல்லாம் சேர்ந்து ஊதட்டும், அந்த ஒரு சாவி மறுபடி ஊதிவிட்டால் தாங்காது.

தலை நரைத்தபிறகு ஒரு வருஷம் கார்னிவலுக்கும் ஊரிலேயே தங்கிவிட்டார்கள். அப்போது நாடகக் காண்ட்ராக்டர் பொனோமி ஓடி வந்து அவர் காலைப் பிடிக்காத குறையாக நின்றார். வரவழைத்த புஃப்போவுக்குப் பொன்னுக்கு வீங்கி. ஞாயிற்றுக்கிழமை மதிய ஆட்டம், டிக்கெட் எல்லாம் விற்றாயிற்று. என்ன ஓபரா? வேறென்ன, 'ஏழு பூட்டு வீடு'!

"முடியாதுங்க" என்றார் அமில்காரே.

"முடியும்" என்றாள் தெல்ஃபீனா.

"உங்கப்பா இருப்பாரேடி மேல!"

"இருக்கத்தான் செய்வாரு. அவருக்கு என்ன, எண்பது வயசாகப் போகுது. அவர் மாப்ளேன்னு கூப்பிடணும்னா இனிமே எப்பக் கூப்பிடறது? அவர் போனப்புறம் கல்லறையில போய்க் காது வச்சுக் கேப்பீங்களா?"

ஓட்டையில்லாத ஒரு ஜோடிக் காலுறையை எடுத்து அவர் மடியில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஞாயிறு மதியம் தியேட்டரில் எள் போட்டால் எள் விழாது. முதல் அங்கத்தில் அமில்காரே நுழைந்தார், பாடினார். பாக்ஸில் சிரித்தார்கள், கைதட்டினார்கள். கேலரியில் ஒரு சத்தமும் இல்லை. சிரிப்பு, இருமல், திட்டு எதுவும் கிடையாது. எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு உம்மென்று உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் கைப்பிடிக் கம்பிக்கு மேலே மாமனாரின் வெள்ளை மீசை மட்டும் தெரிந்தது. ஊதினால்கூடப் பரவாயில்லையே, இது என்ன புதுத் தண்டனை என்று அமில்காரே இடைவேளையில் உள்ளே வந்தால், மேடைக்குப் பின்னால் ஒரு பெரிய பிரம்புக் கூடை. அது நிறையச் சாவிகள்.

"என்னய்யா இது?"

பொனோமி கையைப் பிசைந்துகொண்டு சிரித்தார். "எல்லாம் உங்க நல்லதுக்குத்தாங்க. படிக்கட்டுலயே ஆள நிறுத்தி, கேலரிக்குப் போற ஒவ்வொருத்தன்கிட்டயும் சாவிய வாங்கிட்டேன். சாவியக் குடு, இல்ல வீட்டுக்குப் போன்னுட்டேன். இனி ஒருத்தனும் உங்கள ஊத முடியாது!"

"நான் சொல்லித்தான் வாங்கினதா நினைச்சிருப்பாங்களே!"

"அப்படித்தான் பேசிக்கிட்டாங்க. உங்க மாமனார் மட்டும் சண்டைக்கு நிக்கல. சாவியக் கூடையில போட்டுட்டு, 'அவ்வளவு பயமா அவருக்கு'ன்னு கேட்டாரு, போயிட்டாரு."

அமில்காரேவின் முகம் சிவந்துவிட்டது. இத்தனை வருஷம் பயந்தது என்னவோ உண்மை. அந்த உண்மையை மாமனார் இப்படியா தெரிந்துகொள்ள வேண்டும்! எப்போதும் பணிவாகப் பேசுகிற மனிதர், அந்தக் கட்டைக்குரலில் தியேட்டரின் சாந்து உதிர ஒரு பாட்டம் திட்டினார். பிறகு கூடையின் ஒரு காதைப் பிடித்தார், மறு காதை வாயில்காப்போனைப் பிடிக்கச் சொன்னார்.

இரண்டாம் அங்கம். சாமான் பாட்டுக்கு வாத்தியம் ஆரம்பிக்க வேண்டிய இடம். கஞ்சக் கிழவன் கூடையை இழுத்துக்கொண்டு மேடை நடுவுக்கு வந்தான், வாத்தியக்காரர்களைப் பார்த்துக் கையைக் காட்டி நிறுத்தினான், நிமிர்ந்து கேலரியைப் பார்த்தான்.

"மேல இருக்கிற பெரியவங்களே, இதெல்லாம் யார் சாவி?"

சாவிகள் குலுங்கக் கூடையை ஒரு உலுக்கு உலுக்கினான்.

"நான் வாங்கச் சொல்லல. ஆத்துமேல ஆணையா எனக்குத் தெரியாது. உங்க சாவி உங்ககிட்ட இருக்கட்டும். இப்ப நான் சாமான் பாட்டுப் பாடப் போறேன். ஒரு எழுத்த முழுங்கினா ஊதுங்க. மாமா, நீங்கதான் முதல்ல ஊதணும். மத்தவங்க காத்திருங்க!"

வாயில்காப்போன் கூடையைத் தோளில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறினான். மரக்கட்டைச் செருப்பு டொக் டொக்கென்று மேலே போவதைத் தியேட்டர் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டது. பாவம், நடுவில் ஒரு தடவை நின்று இளைப்பாறினான். கேலரி இருட்டில் கூடை கைமாறிக் கைமாறிப் போனது. ஊதுவதற்கு எந்தச் சாவியாக இருந்தால் என்ன? கைக்கு வந்ததை எடுத்துக்கொண்டார்கள். ஒரெஸ்தே மட்டும் தடவிப் பார்த்துத் தன்னுடையதையே எடுத்தார். உதட்டுக்குப் பக்கத்தில் தயாராகப் பிடித்துக்கொண்டார்.

அமில்காரே பாடினார். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. தலையணைத் தொந்தி அசையவில்லை. தொடைக்கறி, பாலாடைக்கட்டி, மெழுகுவர்த்தி, மிளகு, தாத்தாவின் தொப்பி, பாட்டியின் பல், எல்லாம் மணி மணியாக விழுந்தன. வேகம் கூடக் கூட அவர் இன்னும் அசையாமல் நின்றார். கேலரியில் உதடுகள் கூடவே முணுமுணுத்தன, எங்கே முழுங்குவான் என்று பார்த்தன. பாட்டியின் பல்லைப் பூட்டிவிட்டு, பூட்டிய பெட்டியையே பூட்டிவிட்டு, அந்தப் பெட்டியின் சாவியை எங்கே பூட்டுவது என்று கிழவன் விழிக்கும் இடம் வந்தது. கல்லான அந்த முகத்தில், அந்தப் பெரிய மூக்கின் இரண்டு பக்கமும், இரண்டு கண் மட்டும் உண்மையான கவலையோடு மேலே பார்த்தன.

ஒரெஸ்தே சாவியை உதட்டில் வைத்தார். ஊதப் போனார் என்று சிலர் சொல்வார்கள், பழக்கத்தில் வைத்தார் என்று சிலர் சொல்வார்கள். புஸ்ஸென்று காற்றுத்தான் வந்தது. மறுபடி முயன்றார். மீசை நடுங்கியது, தோள் குலுங்கியது, உதடு குவியவே மாட்டேன் என்றது. சிரிக்கிற வாயால் சாவி ஊத முடியாது. கிழவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தார். அதைப் பார்த்த கேலரி மடை உடைந்தது போலச் சிரித்தது. "இன்னொரு தடவை! இன்னொரு தடவை!" என்று பெஞ்சைக் குத்தினார்கள். அமில்காரே இன்னொரு தடவையும் பாடினார், அப்போதும் ஒரு எழுத்தும் குறையவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கார்னிவலிலும் அவர் ஊரில் பாடினார். பல் போகும்வரை பாடினார், பல் போனபின் ஆற்றங்கரையில் பனிக்காலத்தில் படகுக்குக் கூவினார். அதெல்லாம் பிறகு. அன்று சாயங்காலம் நடந்ததைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

ஆட்டம் முடிந்து ஜனங்கள் பாடிக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள். போனால் ஒருவர் கதவும் திறக்கவில்லை! ரொட்டிக்காரர் கையில் சலவைக்காரி வீட்டுச் சாவி, சலவைக்காரி கையில் பாதிரியார் சாவி, பாதிரியார் கையில் யாருடையது என்றே தெரியவில்லை. தெரு முழுக்கச் சாவியும் கையுமாக ஓடினார்கள். கடைசியில் எல்லோரும் பூட்டுக்காரரைத் தேடி வந்து நின்றார்கள். ஒரெஸ்தே தன் கடையைத் தன் சாவியால் திறந்து, கருவிப் பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினார். பெட்டி கனம். வேஷம் கலைக்காமல், தொந்தியும் நரைத் தாடியுமாக வந்து நின்ற அமில்காரே அதை வாங்கிக்கொண்டார், இன்னொரு கையில் விளக்கு. கிழவர் அவரை நிமிர்ந்து பார்க்காமல் முன்னால் நடந்தார். அமில்காரே பின்னாலேயே நடந்தார்.

முதல் கதவு காப்பிக் கடை ஃபாஸ்தோவுடையது. ஒரெஸ்தே மண்டியிட்டுப் பூட்டுக்குள் கம்பியை விட்டுத் துழாவினார். ஊரே சுற்றி நின்றது.

"இருட்டுல ஒண்ணும் தெரியல" என்று முணுமுணுத்தார். "மாப்ளே, விளக்க இந்தப் பக்கம் காட்டுங்க."

அமில்காரே அசையவில்லை. தெல்ஃபீனா தோளில் போட்ட துணியால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன மாப்ளே, காது கேக்கலயா? அவ்வளவு வார்த்தைய ஒண்ணுவிடாமப் பாடினீங்க, ஒரு வார்த்தை பதில் வரலயே!"

ஆற்றைக் கடந்து கேட்கிற குரல் அந்த மனிதருக்கு. அன்றைக்கு அதில் ஒரு கீச்சுச் சத்தம்தான் வந்தது, பழைய கோழிக்குஞ்சு மாதிரி. "இதோ மாமா" என்றார். விளக்கைக் குனிந்து பிடித்தார். பூட்டு திறந்தது. ஃபாஸ்தோ உள்ளே ஓடி அடுப்பை மூட்டி, விளிம்பு வரைக்கும் வழிய வழிய ஊற்றிய ஒரு கோப்பைக் காப்பியைக் கொண்டுவந்து அமில்காரே கையில் கொடுத்தான்.

"சீக்கிரம் குடிச்சிட்டு வாங்க மாப்ளே" என்றார் ஒரெஸ்தே, அடுத்த கதவை நோக்கி நடந்துகொண்டே. "ஊரே வெளிய நிக்குது."